பிடித்து வைப்பது வேறு, பதிவது வேறு: நினைவாற்றல் பற்றி வாசகர் கேள்விகள்

நினைவாற்றல் தொடர்பாக வந்த கடிதங்களைப் படித்தபோது, பலவற்றில் ஒரே நம்பிக்கை தலைகாட்டுவது தெரிந்தது. ஒன்றை மனதில் கொஞ்ச நேரம் பிடித்து வைத்தாலே அது பதிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் அது. அதையொட்டிய கேள்விகளை இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: குறுகிய கால நினைவு ஒரு சின்னப் பெட்டி, நீண்ட கால நினைவு ஒரு பெரிய பெட்டி, முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தகவல் போகும் என்று படித்திருக்கிறேன். இப்போது ‘செயல் நினைவு’ என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது எது?

பெட்டிப் படம் 1968-இல் அட்கின்சன், ஷிஃப்ரின் என்ற இரு ஆய்வாளர்கள் தந்த மாதிரியிலிருந்து வந்தது. 1974-இல் பேட்லி, ஹிட்ச் இருவரும் அந்தச் சின்னப் பெட்டி வெறும் தங்குமிடம் அல்ல, வேலை நடக்கும் மேசை என்று காட்டினார்கள். அந்த மேசையில் ஒலியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஒன்று உண்டு. காட்சியையும் இடத்தையும் பிடித்துவைக்கும் பகுதி இன்னொன்று. கவனத்தை எதற்கு எவ்வளவு கொடுப்பது என்று பார்த்துக்கொள்ளும் மேற்பார்வை மூன்றாவது. 2000-இல் பேட்லி நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார். இப்போது கேட்பது, பார்ப்பது, ஏற்கனவே தெரிந்தது எல்லாவற்றையும் ஒரே நிகழ்வாகக் கோத்துத் தரும் இடைத்தளம் அது. தகவலை வைத்திருப்பதை மட்டும் குறித்தால் குறுகிய கால நினைவு. வைத்துக்கொண்டே அதில் வேலையும் பார்த்தால் செயல் நினைவு.

படத்தில் இருக்கும் பெரிய குறை, அம்புக்குறி ஒரு பக்கமாகவே போவதுதான். உண்மையில் போக்குவரத்து இரு பக்கமும் நடக்கிறது. 47-ஐ 68-ஆல் மனக்கணக்காகப் பெருக்கிப் பாருங்கள். முதலில் 47-ஐ 60-ஆல் பெருக்கினால் 2820. இதை ஓரமாக வைத்துக்கொண்டு 47-ஐ 8-ஆல் பெருக்க வேண்டும். நாற்பதுக்கு 320, ஏழுக்கு 56, ஆக 376. இப்போது ஓரமாக வைத்ததை எடுத்துக் கூட்டினால் 3196. பலருக்குக் கணக்கு தப்பும் இடம் கடைசிக் கூட்டல்தான். 376-ஐக் கண்டுபிடிக்கும் நேரத்தில் 2820 மெல்ல 2280 ஆகிவிட்டிருக்கும்.

இதில் செயல் நினைவு செய்தது 2820-ஐப் பிடித்துக்கொண்டதும் அடுத்த படி எது என்று பார்த்துக்கொண்டதும். ‘ஏழெட்டு ஐம்பத்தாறு’ அங்கே உருவானதல்ல. பல ஆண்டுகளுக்கு முன் பதிந்த வாய்ப்பாடு, நெடுங்கால நினைவிலிருந்து கண நேரத்தில் வந்து விழுந்தது. வாய்ப்பாடு தெரியாதவர் ஏழை எட்டு முறை கூட்டியாக வேண்டும். கூட்டி முடிப்பதற்குள் 2820 காணாமல் போயிருக்கும். அவருக்குக் குறை புத்தியில் இல்லை, மேசையில் இடம் போதவில்லை. புரிந்தால் போதும், வாய்ப்பாடெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களோடு நாங்கள் உடன்படாததற்குக் காரணம் இதுவே. புரிந்துகொள்ளும் வேலைக்கான இடத்தை அந்த வாய்ப்பாடுதான் காலி செய்து தருகிறது.

கேள்வி: செல்போனில் வரும் ஓடிபி எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போய்த் தட்டுகிறேன். தட்டி முடித்த மறுகணம் அது மறந்துவிடுகிறது. அத்தனை முறை சொல்லியும் ஏன் பதியவில்லை?

சொல்லிக்கொண்டிருப்பது பதிய வைக்கும் செயல் அல்ல என்பதால். உள்ளுக்குள் ஓடும் அந்த ஒலிச்சுற்று ஏறத்தாழ 2 விநாடியில் சொல்லி முடிக்கக்கூடிய அளவைத்தான் தாங்கும். நீளமான சொற்களைவிடச் சின்னச் சொற்கள் அதில் கூடுதலாக நிற்பது இதனால்தான். சுற்று நின்றால் சரக்கும் கரையும். 1959-இல் பீட்டர்சன் தம்பதியர் செய்த சோதனையில், வெறும் மூன்று மெய்யெழுத்துகளைக் கொடுத்துவிட்டு, உடனே ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகப் பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். 18 விநாடிக்குள் அந்த மூன்றெழுத்தும் பெரும்பாலும் போய்விட்டது.

அப்படியென்றால் சுற்றை நிறுத்தாமல் அதிக நேரம் ஓட்டினால்? 1973-இல் கிரெய்க், வாட்கின்ஸ் இருவரும் அதையும் சோதித்தார்கள். சில சொற்களை மனதில் கூடுதல் நேரம் பிடித்து வைத்திருக்கும்படி சோதனையை அமைத்தார்கள். கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் எல்லாச் சொற்களையும் கேட்டபோது, அதிக நேரம் பிடித்து வைத்த சொற்களுக்கு எந்த அனுகூலமும் இல்லை.

ஓடிபி மறந்துபோவது நல்லதே. மறக்கக் கூடாத எண் என்றால் அதற்குப் பிடிமானம் கொடுக்க வேண்டும். 3, 3, 4 என்று பிரியுங்கள். ஒவ்வொரு துண்டையும் உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த ஒன்றோடு, ஒரு பிறந்த ஆண்டோ கதவு எண்ணோ எதுவானாலும், முடிச்சுப் போடுங்கள். ஐந்து நிமிடம் வேறு வேலை பார்த்துவிட்டு, பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். அந்த ஐந்து நிமிட இடைவெளி முக்கியம். உடனே சொன்னால் ஒலிச்சுற்றிலிருந்துதான் சொல்வீர்கள். பதிந்ததா என்று தெரியவே தெரியாது.

கேள்வி: ஒரே நேரத்தில் மனதில் ஏழு விஷயங்கள் நிற்கும் என்கிறார்கள். சிலர் நான்கு என்கிறார்கள். எது சரி?

ஏழு, கூடக்குறைய இரண்டு என்பது 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதியது. உள்ளுக்குள் சொல்லிப் பார்ப்பதையும் துண்டுகளைச் சேர்ப்பதையும் தடுத்துவிட்டுப் பார்த்தால் நான்குக்கு அருகில்தான் நிற்கிறது என்று 2001-இல் நெல்சன் கோவன் வாதிட்டார். நான்கு என்பதே இன்று அதிகம் ஏற்கப்படுகிறது. ஆனால் இந்த எண்ணைவிட, ‘எதில் நான்கு’ என்ற கேள்விதான் சுவையானது.

கீழே இருக்கும் ஒன்பது எழுத்துகளை ஒரு முறை வாசித்துவிட்டு, கண்ணை மூடி அதே வரிசையில் சொல்லுங்கள்: த், ளை, கா, ம, வ, க், ல, த, ழை. ஐந்து ஆறாவது எழுத்தில் தடுமாறினால் வியப்பில்லை. இப்போது அதே ஒன்பது எழுத்துகள் வேறு வரிசையில்: மழைக்காலத் தவளை. இதைப் பிடித்து வைக்க முயற்சியே தேவைப்படவில்லை. எழுத்துகள் அதே ஒன்பதுதான். மேசை மீதிருந்த பொருள்கள் மட்டும் ஒன்பதிலிருந்து இரண்டாகிவிட்டன. மழைக்காலம், தவளை என்ற சொற்கள் உங்கள் நெடுங்கால நினைவில் தயாராக இருந்ததால் இது நடந்தது. தமிழ் தெரியாதவருக்கு இரண்டு வரிசையும் ஒரே பாடுதான்.

ஆகவே செயல் நினைவின் அளவு கிட்டத்தட்ட மாறாதது. அதில் ஏறும் ஒவ்வொரு துண்டின் பருமனை நெடுங்கால நினைவு தீர்மானிக்கிறது. இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு 1980-இல் எரிக்சன், சேஸ், ஃபலூன் வெளியிட்டது. சாதாரண மாணவர் ஒருவர், ஒரு முறை கேட்டுத் திருப்பிச் சொல்லும் எண்களின் நீளத்தைப் பயிற்சியால் 7-இலிருந்து 79-க்கு உயர்த்தினார். இருபது மாதங்களில் சுமார் 230 மணி நேரப் பயிற்சி. அவர் ஓட்டப்பந்தய வீரர். 3492 என்று கேட்டால் ‘3 நிமிடம் 49.2 விநாடி, ஒரு மைல் ஓட்டத்தில் உலக சாதனைக்கு அருகில் வரும் நேரம்’ என்று மனதில் போட்டுக்கொள்வார். அதே மனிதரிடம் எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் ஆறு எழுத்துக்கு இறங்கிவிட்டார். மேசை பெரிதாகவே இல்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

சதுரங்கத்திலும் இதே கதை. ஆட்டத்தின் நடுவில் இருக்கும் பலகையை 5 விநாடி காட்டினால் தேர்ந்த ஆட்டக்காரர் ஏறக்குறைய முழுவதையும் திரும்ப அடுக்கிவிடுவார், புதியவர் நாலைந்து காய்களோடு நிற்பார். காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினால் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துபோகும்.

கேள்வி: செயல் நினைவும் நெடுங்கால நினைவும் மூளையில் எங்கே இருக்கின்றன? தனித்தனி இடங்களா?

இடங்களைவிட வேலைப் பங்கீடு என்று பார்ப்பது சரியாக இருக்கும். ஒன்றைப் பிடித்து வைப்பதில் நெற்றிக்குப் பின்னாலுள்ள ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ் தலைமை தாங்குகிறது. நினைவில் வைத்துக் காத்திருக்க வேண்டிய நேரம் முழுக்க அங்குள்ள சில நரம்பணுக்கள் தொடர்ந்து துடித்துக்கொண்டிருப்பதை 1971-இல் குரங்குகளில் பதிவு செய்தார்கள். புதிய நிகழ்வுகளைப் பதிய வைக்கத் தேவைப்படுவது காதுக்கு உள்பக்கமாக, மூளையின் ஆழத்தில் வளைந்து கிடக்கும் ஹிப்போகேம்பஸ். பதிந்தவை நாளடைவில் மூளையின் மேலடுக்கான மூளைப் புறணி முழுவதும் பரவிக் கிடக்கின்றன. ஒரு முகத்தை மனதில் கொண்டுவரும்போது, அந்த முகத்தைப் பார்த்த போது வேலை செய்த அதே பார்வைப் பகுதிகள் மறுபடி உயிர்பெறுகின்றன. அதாவது செயல் நினைவில் இருப்பவற்றில் பெரும்பகுதி, தட்டியெழுப்பப்பட்ட நெடுங்கால நினைவுதான்.

இரண்டும் வேறு வேறு என்பதை இரு நோயாளிகள் புரியவைத்தார்கள். ஒருவர் ஹென்றி மொலேசன். வலிப்பு நோய்க்காக 1953-இல், 27 வயதில், அவருடைய மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் 2008-இல் இறக்கும்வரை புதிய நிகழ்வு எதுவும் அவரிடம் தங்கவில்லை. ஆனால் செயல் நினைவுக்குக் குறைவில்லை. ஒருமுறை 584 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லித் தனியே விட்டார்கள். 15 நிமிடம் கழித்தும் தயங்காமல் சொன்னார். எப்படி என்று கேட்டதற்கு விளக்கமும் தந்தார்: எட்டை ஞாபகம் வைத்தால் போதும், மூன்று எண்களின் கூட்டுத்தொகை 17, எட்டைக் கழித்தால் 9, அதைப் பிரித்தால் 5, 4. இந்தச் சங்கிலியை விடாமல் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். கவனம் வேறு பக்கம் திரும்பியது. ஓரிரு நிமிடத்தில் எண்ணும் போனது, அப்படி ஒரு எண்ணைக் கொடுத்ததே அவருக்கு நினைவில்லை. 15 நிமிடம் பிடித்து வைத்தும் துளி பதியவில்லை.

இன்னொருவர் கே.எஃப். என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படுபவர். வாரிங்டன், ஷாலிஸ் இருவரும் அவரை ஆராய்ந்தார்கள். காதால் கேட்ட எண்களில் ஒன்றிரண்டைத்தான் அவரால் திருப்பிச் சொல்ல முடிந்தது. ஆனால் புதிய சொற்பட்டியல்களைக் கற்று நெடுநாள் நினைவில் வைப்பதில் குறை இல்லை. சின்னப் பெட்டி வழியாகத்தான் எல்லாம் பெரிய பெட்டிக்குப் போக வேண்டும் என்ற படம் இவர் விஷயத்தில் பொருந்தவே இல்லை.

கேள்வி: தேர்வுக்கு முன் ஒவ்வொரு பாடத்தையும் நான்கு முறை படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிகிறது. தேர்வில் வெறுமையாகிவிடுகிறது. என்ன தவறு செய்கிறேன்?

நான்கு முறையும் உள்ளே அனுப்புகிறீர்கள், ஒரு முறைகூட வெளியே எடுக்கவில்லை. நான்காவது முறை படிக்கும்போது வரிகள் பழகிய முகம் போல் தெரியும். முகத்தை அடையாளம் காண்பது வேறு, பெயரைச் சொல்வது வேறு. தேர்வு கேட்பது பெயரை.

2006-இல் ரோடிகர், கார்பிகி இருவரும் செய்த சோதனை உங்கள் நிலைமையை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரு குழு ஒரு பத்தியை நான்கு அமர்வுகள் படித்தது. இன்னொரு குழு ஓர் அமர்வு படித்து, மூன்று அமர்வுகள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழு 83 விழுக்காடு, எழுதிய குழு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்த குழு 40, எழுதிய குழு 61. முதல் வரிசை எண்களைக் கவனியுங்கள். படித்த உடனே சோதித்தால் மறுபடி மறுபடி படிப்பதே மேல் என்று தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் மாணவர்கள் பல ஆண்டுகள் தவறான வழியில் உழைக்கிறார்கள்.

வெளியே எடுப்பது ஏன் இப்படி வேலை செய்கிறது? பதிந்த ஒன்றை நினைவுகூரும்போது அது செயல் நினைவின் மேசைக்கு வருகிறது. அங்கே இப்போதைய எண்ணங்களோடு புதிய முடிச்சுகள் விழுகின்றன, தேடி வந்த பாதையும் தேய்ந்து வழியாகிறது. அது மட்டுமல்ல. மீட்டெடுத்த நினைவு சிறிது நேரம் இளகிய நிலையில் இருந்து, மறுபடி உறைய வேண்டியிருக்கிறது என்பதை 2000-இல் நாடெர் குழுவினர் எலிகளின் பயநினைவில் காட்டினார்கள். நினைவுகூர்வது வாசிப்பது போன்றதல்ல. திருத்தி எழுதுவது போன்றது.

செய்முறை இது. 20 நிமிடத்தில் படித்து முடிக்கும் அளவுக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே முறை, ‘இது ஏன் இப்படி’ என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். தடுமாறும் இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள், ஓரிரு நிமிடம் தேடுங்கள். அந்தத் தேடல்தான் நாம் விரும்பும் வேலை. பிறகு திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் வேறு நிற மையில் திருத்துங்கள். இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் தப்பான விடையே ஊன்றிவிடும் ஆபத்து உண்டு. அடுத்த முறை, படிக்காமல் நேரே வெள்ளைத் தாளிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்த முறை எப்போது? தேர்வுக்கு இருக்கும் நாள்களில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை இடைவெளி விடுவது நல்ல கணக்கு. 30 நாள் இருந்தால் 3 முதல் 6 நாளுக்கு ஒரு முறை. கொஞ்சம் மறந்துபோயிருப்பதுதான் சரியான நேரம். 1885-இல் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து வெளியிட்ட கணக்குப்படி, பொருளில்லாத அசைகளைக் கற்ற பின் மறுபடி கற்கும்போது மிச்சமாகும் உழைப்பு 20 நிமிடத்தில் 58 விழுக்காட்டுக்கும், ஒரு நாளில் 34-க்கும் விழுகிறது. ஆனால் 31 நாள் ஆன பிறகும் 21-இல் நிற்கிறது. சரிவு முதல் நாளில்தான் செங்குத்து. எனவே முதல் மீட்டலை மறுநாளே வைத்துக்கொண்டு, அதன்பின் இடைவெளி விடுங்கள்.

மஞ்சள் மையால் கோடு போடுவதை நிறுத்தினாலும் நஷ்டமில்லை.

கேள்வி: நன்றாகப் படித்த விடைகூடத் தேர்வு அறையில் தொண்டை வரை வந்து நிற்கிறது. வெளியே வந்ததும் ஞாபகம் வருகிறது.

பதிவு பத்திரமாக இருக்கிறது என்பதற்கு, வெளியே வந்ததும் ஞாபகம் வருவதே சாட்சி. சிக்கல் மேசையில். பதற்றத்தில் சுரக்கும் நார்அட்ரீனலின், டோபமின் என்ற மூளை வேதிப்பொருள்கள் அளவு மீறும்போது ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸின் பிடி தளர்கிறது. போதாததற்கு, ‘போச்சு, போச்சு’ என்று உள்ளே ஓடும் புலம்பல் ஒலிச்சுற்றைப் பிடித்துக்கொள்கிறது. தேடுவதற்கு ஆள் இல்லை.

வினாத்தாள் வந்ததும் முதல் இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவோமோ என்று அஞ்சும் சூத்திரங்களை ஓரத்தில் எழுதிவிடுங்கள். மேசையில் இருக்க வேண்டியது தாளுக்கு மாறிவிடும். விடை சிக்காவிட்டால் அதோடு மல்லுக்கட்டாமல் அடுத்த கேள்விக்குப் போங்கள். மனதில் வந்து குறுக்கே நிற்கும் தப்பான விடை சற்று அடங்கினால்தான் சரியானது வெளியே வரும். திரும்பி வரும்போது விடையைத் தேடாமல் அதன் அக்கம்பக்கத்தைத் தேடுங்கள்: எந்தப் பாடம், பக்கத்தில் என்ன படம், அதற்கு முந்தைய தலைப்பு எது.

கேள்வி: என் வகுப்பில் ஒரு குழந்தை, சொன்னதைப் பாதி செய்துவிட்டு விழிக்கிறாள். கவனக்குறைவு என்று நினைக்கலாமா?

அவசரப்பட்டு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள். ‘நோட்டை எடு, 42-ஆம் பக்கம் திற, மூன்றாவது கணக்கை எழுது, கீழே கோடு போடு, தேதி எழுது’ என்பதில் ஐந்து கட்டளைகள் இருக்கின்றன. நோட்டைத் தேடும் வேலையே அவள் மேசையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. செயல் நினைவு பதின்பருவம் வரை வளர்ந்துகொண்டே போவது; ஒரே வயதுக் குழந்தைகளுக்குள்ளும் அளவு நிறைய வேறுபடும்.

ஒரு நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு கட்டளை மட்டும் சொல்லுங்கள். மீதியைப் பலகையில் எழுதி அழிக்காமல் விடுங்கள். ‘புரிந்ததா’ என்று கேட்காமல் ‘அடுத்து என்ன செய்யப் போகிறாய்’ என்று கேளுங்கள். புதிய வகைக் கணக்கைத் தொடங்கும்போது முழுவதும் செய்துகாட்டிய கணக்குகள் இரண்டு மூன்று, பிறகு கடைசிப் படி மட்டும் விடுபட்டது, பிறகு கடைசி இரண்டு படி விடுபட்டது என்று குறைத்துக்கொண்டே போங்கள். நன்றாகத் தேறிய குழந்தைக்கு இந்த முறை இடைஞ்சல். அவளுக்குத் தெரிந்ததையே மறுபடி காட்டி இடத்தை அடைக்கிறது. படத்தில் உறுப்புகளின் பெயர்களை அந்தந்த இடத்திலேயே எழுதுங்கள். ‘அ, ஆ’ என்று குறித்துவிட்டுக் கீழே பட்டியல் கொடுத்தால், பார்வை போய்வரும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று நழுவும்.

கேள்வி: செயல் நினைவைப் பெரிதாக்கும் செல்போன் விளையாட்டுகள் பலன் தருமா?

அந்த விளையாட்டில் தேர்ச்சி வரும். அதைப் போலவே இருக்கும் மற்றப் பயிற்சிகளிலும் கொஞ்சம் முன்னேற்றம் தெரியும். படிப்புக்கோ பொது அறிவுத்திறனுக்கோ அது பரவுவதாக நம்பகமான ஆய்வுகள் காட்டவில்லை. 79 எண்கள் சொன்னவர் எழுத்துகளில் ஆறோடு நின்றதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை உங்கள் துறையின் சொற்களையும் அடிப்படைகளையும் பதிய வைப்பதில் செலவிடுங்கள்; துண்டுகள் பருமனாவது அங்கேதான்.

கேள்வி: இரவெல்லாம் விழித்துப் படித்தால் மறுநாள் நினைவில் இருக்குமா?

மறுநாள் காலை ஓரளவு இருக்கும். அடுத்த மாதம் இருக்காது.

ஒன்றைக் கற்றதும் நரம்பணுக்களுக்கு இடையிலான சினாப்ஸ் இணைப்புகள் வலுப்பெறுகின்றன. இப்படி வலுப்பெறுவது நீடிக்கும் என்பதை 1973-இல் பிளிஸ், லோமோ இருவரும் முயலின் ஹிப்போகேம்பஸில் காட்டினார்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஏற்கனவே இருக்கும் புரதங்களை மாற்றியமைத்தே சமாளிக்கலாம். அதற்கு மேல் நிலைக்க நரம்பணு புதிய புரதங்களை உருவாக்க வேண்டும். பிறகு ஆழ்ந்த உறக்கத்தில், பகலில் துடித்த அதே நரம்பணுக் கூட்டங்கள் ஹிப்போகேம்பஸில் மறுபடி துடிக்கின்றன. எலிகளில் 1994-இல் வில்சன், மெக்நாட்டன் இதைப் பதிவு செய்தார்கள். பகலில் நடந்த வரிசையே பல மடங்கு வேகத்தில் ஓடுவதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் கண்டன. மூளைப் புறணியில் ஊன்றும் வேலைக்கு இந்த மறுஓட்டம் உதவுகிறது.

விழித்திருப்பவர் இரண்டு பக்கமும் இழக்கிறார். நேற்றுப் படித்தது ஊன்றவில்லை. மறுநாள் அதைத் தேடியெடுக்க வேண்டிய ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸும் களைத்துக் கிடக்கிறது. வேறு வழியில்லாமல் கடைசி இரவு வரை வந்துவிட்டால், புதிய பாடம் எதையும் திறக்காதீர்கள். தெரிந்த பாடங்களை வெள்ளைத் தாளில் ஒரு மணி நேரம் எழுதிப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுங்கள்.